நூறு டாலர் பந்தயம்

1985-ஆம் ஆண்டின் கடைசியில், ஐ.பி.எம். நிறுவனத்தில் இருந்த ஆலன் கார்ப் கணினித் துறையைப் பார்த்து ஒரு பந்தயம் வைத்தார். உண்மையான அறிவியல் கணக்கு ஒன்றை எடுத்துக்கொள்ள வேண்டும். பல பிராசஸர்கள் சேர்ந்து இயங்கும் பொதுப் பயன்பாட்டுக் கணினியில் அதை ஓட்ட வேண்டும். ஒற்றைப் பிராசஸரில் ஓடுவதைவிடக் குறைந்தது 200 மடங்கு வேகமாக ஓடியது என்று முதலில் காட்டுகிறவருக்கு 100 டாலர். கெடு பத்து வருடம்.

தொகை சின்னது. கெடுவைப் பார்த்தால்தான் விஷயம் புரியும். ஆயிரம் பிராசஸர்களை ஒரே பெட்டிக்குள் அடைத்து விற்க நிறுவனங்கள் கிளம்பிவிட்டிருந்த காலம் அது. அத்தனை பிராசஸர் இருந்தால் அத்தனை மடங்கு வேகம் வருமா என்று கேட்டால், துறையில் அனுபவப்பட்ட பலர் வராது என்றுதான் சொன்னார்கள். அவர்கள் கையில் வெறும் அபிப்பிராயம் மட்டும் இல்லை, அசைக்க முடியாததாகத் தோன்றிய ஒரு கணக்கும் இருந்தது.

பாய்மங்களின் ஓட்டத்தைக் கணிக்கும் ஃபோர்ட்ரான் நிரல்களோடு என் வேலைநாட்கள் கழிந்தன. இறக்கையைச் சுற்றிக் காற்று எப்படிப் போகும், குழாய்க்குள் நீர் எங்கே சுழிக்கும் என்பது போன்ற கணக்குகள். ஒன்றோடொன்று இணைப்பதற்கென்றே செய்த டிரான்ஸ்பியூட்டர் என்ற சில்லுகளின் பலகைகள் செருகிய இணைக்கணினி ஒன்று எங்கள் கூடத்தில் வந்து சேர்ந்தபோது, சுவரில் ஒரு வரைபடத்தாள் ஒட்டினோம். கிடைக்கோட்டில் பிராசஸர்களின் எண்ணிக்கை, செங்குத்தில் வேகம். மூலைக்கு மூலை ஒரு நேர்கோடு, அது கனவு. அதன் கீழே எங்கள் நிரலின் உண்மையான கோடு. நாலு பிராசஸர் வரை நேர்கோட்டோடு ஒட்டிப் போகும், எட்டில் விலகத் தொடங்கும், பதினாறில் சோர்ந்து சாயும். அதற்கு மேல் பிராசஸர் சேர்த்தால் சில நாள் வேகம் குறையவே செய்யும். இந்தத் தொழிலில் இருந்தவர்கள் எல்லோரும் அந்தச் சாய்வைப் பார்த்தவர்கள்.

சாய்வுக்குக் காரணம் காத்திருப்பு. தன் பங்கை முடித்த பிராசஸர், பக்கத்துப் பிராசஸரின் எண்கள் வரும்வரை சும்மா நிற்கிறது. சூப்பர் கம்ப்யூட்டர்களின் வரலாற்றை எழுதுகிறவர்கள் பெரும்பாலும் உச்சவேகப் பட்டியலை எழுதுகிறார்கள். என்னைக் கேட்டால், அந்த நிற்கும் நேரத்தை மனிதர்கள் எப்படி எப்படிக் குறைத்தார்கள் என்பதே இதன் வரலாறு. மெஷினின் பெயர் செய்தித்தாளில் வரும். காத்திருப்பைக் கண்டுபிடித்து நிரலைத் திருத்தியவர்கள் பெயர் வருவதில்லை. அந்தக் குறை எனக்கு நெடுநாளாக உண்டு.

காத்திருப்பைப் பற்றி முதலில் யோசித்தவரிடம் கணினியே இருக்கவில்லை. லூயிஸ் ஃப்ரை ரிச்சர்ட்சன் என்ற ஆங்கிலேயர் முதல் உலகப் போரில் ஆயுதம் எடுக்க மறுத்து, பிரான்சில் ஆம்புலன்ஸ் ஓட்டினார். ஓய்வு கிடைத்த நேரத்தில் வைக்கோல்மேல் உட்கார்ந்து வானிலையைக் கையால் கணக்கிட்டார். 1910 மே 20-ஆம் தேதி ஐரோப்பாவின் ஒரு பகுதியில் ஆறு மணி நேரத்தில் காற்றழுத்தம் எவ்வளவு மாறியிருக்கும் என்பதுதான் கணக்கு. விடை 145 ஹெக்டோபாஸ்கல் என்று வந்தது. உண்மையில் அன்று அழுத்தம் ஏறக்குறைய அசையவே இல்லை. 1917-இல் ஷாம்பேன் சண்டையின்போது கையெழுத்துப் பிரதியும் தொலைந்து, சில மாதம் கழித்து பெல்ஜியத்தில் ஒரு நிலக்கரிக் குவியலுக்கு அடியில் அகப்பட்டது. 1922-இல் அது புத்தகமாக வந்தது.

அந்தப் புத்தகத்தில் ரிச்சர்ட்சன் ஒரு பிரம்மாண்டமான மண்டபத்தைக் கற்பனை செய்கிறார். உள்சுவர் முழுக்க உலக வரைபடம். அதன் ஒவ்வொரு கட்டத்துக்கும் கணக்குப் போடும் ஆட்கள். வானிலை நகரும் வேகத்துக்கு ஈடுகொடுக்க மொத்தம் 64,000 பேர் வேண்டும் என்று கணக்கிட்டார். பக்கத்தில் இருப்பவர்கள் படித்துக்கொள்ளும்படி ஒவ்வொருவரும் தன் எண்களைக் காட்ட வேண்டும். நடுவில் ஒரு தூண், தூணின் உச்சியில் ஒரு மேடை, மேடையில் ஒரு தலைவர். மண்டபத்தின் எந்தப் பகுதி மற்றவர்களை முந்திப் போகிறதோ அதன்மேல் அவர் ரோஜா நிற ஒளியைப் பாய்ச்சுவார். பின்தங்குகிற பகுதியின்மேல் நீல ஒளி. வேலையை ஆட்களுக்குப் பிரித்துக் கொடுப்பதும், அண்டை அயலோடு எண்களை மாற்றிக்கொள்வதும், எல்லோரையும் ஒரே கால அடியில் நிறுத்துவதும் இந்தத் தொழிலின் அடிப்படைகள். மூன்றும் அந்த ஒரு பக்கத்தில் இருக்கின்றன. அந்த இரண்டு வண்ண விளக்குகளை நினைக்கும்போதெல்லாம் எனக்குச் சிலிர்க்கும்.

இனி அனுபவஸ்தர்கள் கையில் இருந்த அந்தக் கணக்கு. 1967 ஏப்ரலில் அட்லாண்டிக் சிட்டியில் ஒரு கணினி மாநாடு நடந்தது. ஐ.பி.எம்.மின் 360 வரிசைக் கணினிகளை வடிவமைத்த ஜீன் அம்டால் அதில் ஒரு கட்டுரை படித்தார். மூன்றே பக்கம், சமன்பாடு ஒன்றுகூடக் கிடையாது. எந்த நிரலிலும் பிரித்துக் கொடுக்க முடியாத, ஒருவரே வரிசையாகச் செய்து முடிக்க வேண்டிய பகுதி ஒன்று உண்டு. ஆட்களைக் கூட்டினால் மற்ற பகுதி சுருங்கும், அந்தப் பகுதி சுருங்காது. அம்டால் சொன்னது அவ்வளவுதான். பிறர் பின்னால் அதைச் சூத்திரமாக்கினார்கள். நிரலில் ஒரு சதவீதம் பிரிக்க முடியாததாக இருந்தால், எண்ணற்ற பிராசஸர்களைக் கொண்டுவந்து கொட்டினாலும் வேகம் 100 மடங்கைத் தாண்டாது. 1024 பிராசஸர்களுக்குக் கிடைப்பது 91 மடங்கு. பாக்கித் திறன் முழுவதும் சும்மா நின்றே கழியும்.

அதே மாநாட்டில் டேனியல் ஸ்லாட்னிக் எதிர்க்கட்சிக்காகப் பேசினார். இல்லினாய் பல்கலைக்கழகத்தில் 256 பிராசஸர்களோடு இலியாக் IV என்ற கணினியைக் கட்டத் திட்டமிட்டிருந்தவர் அவர். கட்டி முடிந்தது 64 மட்டும். 1970-இல் வளாகத்தில் எழுந்த மாணவர் எதிர்ப்புக்குப் பிறகு அதைக் கலிஃபோர்னியாவில் உள்ள நாசாவின் ஏம்ஸ் ஆய்வு மையத்துக்குக் கொண்டுபோனார்கள். அங்கே நம்பி வேலை கொடுக்கிற நிலைக்கு அது வர 1975 ஆயிற்று. பலருடைய கண்ணில் அம்டால் ஜெயித்துவிட்டார்.

அடுத்த அசைவு 1983-இல், கால்டெக் பல்கலைக்கழகத்தில். சார்லஸ் சைட்ஸும் ஜெஃப்ரி ஃபாக்ஸும் அன்றைய மேசைக் கணினிகளில் இருந்த வகையான இன்டெல் 8086 சில்லுகள் 64-ஐ எடுத்து, ஹைப்பர்கியூப் என்ற அமைப்பில் இணைத்தார்கள். ஒவ்வொரு பிராசஸருக்கும் தனி மெமரி. பேச வேண்டியது இருந்தால் கம்பி வழியாகச் செய்தி அனுப்ப வேண்டும். அந்த வழியில் வந்த நிறுவனங்களில் ஒன்று ஆரகனில் இருந்த என்கியூப். அவர்கள் செய்த 1024 பிராசஸர் கணினி நியூ மெக்சிகோவின் ஆல்புகர்க்கி நகரத்தில் உள்ள சாண்டியா தேசிய ஆய்வகத்துக்கு வந்தது. ஒரு பிராசஸருக்குப் பத்து அண்டைவீட்டார், 512 கிலோபைட் மெமரி.

ஜான் குஸ்டாஃப்சன், கேரி மான்ட்ரி, ராபர்ட் பென்னர் ஆகிய மூவர் அங்கே மூன்று கணக்குகளை எடுத்துக்கொண்டார்கள். தடுப்பில் மோதிச் சிதறும் அலை ஒன்று. நிலைகுலைந்து ஓடும் பாய்மம் ஒன்று. பாரம் தாங்கும் விட்டத்தின் உள்ளே எழும் இறுக்கம் ஒன்று. இவற்றை எதிலும் ஓட்டிவிடலாம். 200 மடங்கைத் தாண்டுவது வேறு விவகாரம். எங்கே எல்லாம் காத்திருப்பு ஒளிந்திருக்கிறது என்று அவர்கள் தேடித் தேடி எடுத்தார்கள். நிரலை 1024 பேருக்கும் வரிசையாக அனுப்பினால் அதிலேயே நேரம் போய்விடும். அதனால் வாங்கியவர் உடனே அடுத்தவருக்குக் கொடுக்கும்படி மாற்றினார்கள். ஒன்று இரண்டாகும், இரண்டு நான்காகும், பத்தே சுற்றில் எல்லோரிடமும் நிரல் இருக்கும். எல்லோருடைய எண்களையும் கூட்ட வேண்டிய இடத்திலும் அப்படியே, பத்துப் படியில் கூட்டுத்தொகை. ஒரு நிரலாளருக்கு இதைப் படிப்பது சமையல் தெரிந்தவர் இன்னொருவர் அடுப்படியைப் பார்ப்பதுபோல. ஒவ்வொரு சின்ன முடிவின் பின்னாலும் இருக்கும் அலுப்பும் பிடிவாதமும் தெரியும்.

இந்த இடத்தில் நின்று பார்க்க வேண்டிய ஒரு எண் இருக்கிறது. பந்தயத்தின் விதிப்படி ஒரே கணக்கை ஒற்றைப் பிராசஸரிலும் ஓட்ட வேண்டும், எல்லாவற்றிலும் ஓட்ட வேண்டும். ஆகவே கணக்கு முழுவதும் ஒரு பிராசஸரின் 512 கிலோபைட்டுக்குள் அடங்கியாக வேண்டும். அதை 1024 பேருக்குப் பங்கு போட்டால் ஆளுக்கு வருவது 512 பைட். இந்தப் பத்தியில் பத்துப் பன்னிரண்டு வார்த்தைகளை யூனிகோடில் எழுதினாலே அதில் பாதி தீர்ந்துவிடும். அந்தத் துணுக்கை வைத்துக்கொண்டு, அண்டைவீட்டாரோடு பேசிக்கொண்டே, அவர்கள் மூன்று கணக்கிலும் 500 மடங்கைத் தாண்டினார்கள். கார்ப் கேட்டதைவிட இரண்டரை மடங்கு. பத்து வருடக் கெடுவில் மூன்றாவது வருடம் முடிவதற்குள் 100 டாலரும் போயிற்று. கணினி வடிவமைப்பாளர் கார்டன் பெல் தன் கைக்காசில் நிறுவிய பரிசின் முதல் விருதும் அவர்களுக்கே கிடைத்தது.

ஆனால் ஆல்புகர்க்கியில் நடந்த பெரிய விஷயம் அந்த 500 இல்லை. கணக்கைச் சின்னதாகவே வைத்திருக்க வேண்டும் என்று யார் சொன்னது என்று அவர்கள் கேட்டார்கள். எண்ணத்தைத் தூண்டியவர் சாண்டியாவின் எட்வின் பார்சிஸ் என்று குஸ்டாஃப்சன் பதிவு செய்திருக்கிறார். ஆயிரம் மடங்கு பெரிய கணினி கையில் வந்த விஞ்ஞானி, பழைய கணக்கையே எடுத்து ஆயிரத்தில் ஒரு பங்கு நேரத்தில் முடித்துவிட்டு வீட்டுக்குப் போவதில்லை. கட்டங்களை நெருக்குகிறார், விட்டுவைத்திருந்த இயற்பியலைச் சேர்க்கிறார். அவர் காத்திருக்கச் சம்மதிக்கும் நேரம் அப்படியே இருக்கிறது, கணக்கு வளர்கிறது. பிரிக்க முடியாத பகுதியோ பெரும்பாலும் அதோடு சேர்ந்து வளர்வதில்லை.

இது ஏன் வேலை செய்கிறது என்பதைப் பாய்மக் கணக்கு செய்கிறவர் விரலை மடக்கியே பார்த்துவிடலாம். ஒரு பிராசஸரிடம் பக்கத்துக்கு 32 கட்டம் கொண்ட கனசதுரம் இருப்பதாக வைத்துக்கொள்வோம். உள்ளே 32,768 கட்டம். அண்டைவீட்டாருக்குச் சொல்ல வேண்டியது ஆறு முகங்களில் இருப்பவை, 6,144. ஐந்தில் ஒரு பங்குகூட இல்லை. அதையே பக்கத்துக்கு 8 கட்டமாக நறுக்கினால், உள்ளே 512, முகங்களில் 384. நாலில் மூன்று பங்கு பேச்சிலேயே போகிறது. எங்கள் சுவரில் சாய்ந்த கோடு இந்தக் கணக்கின் படம்தான். ஒவ்வொரு பிராசஸருக்கும் நிறைய வேலை கொடுத்து வைத்தால் சாய்வு போய்விடும். ஆல்புகர்க்கியில் அப்படிச் செய்தார்கள். 1988 மே மாதம் குஸ்டாஃப்சன் வெளியிட்ட சின்னக் கட்டுரையில் அந்த மூன்று கணக்குகளின் வளர்ந்த வடிவத்துக்கு 1016 முதல் 1021 மடங்கு வரை வேகம் காட்டப்பட்டது. அதில் பிரிக்க முடியாத பகுதி ஓட்ட நேரத்தில் ஒரு சதவீதத்துக்கும் குறைவு.

ஒற்றைப் பிராசஸரின் மெமரியில் நுழையவே முடியாத கணக்குக்கு வேக மடங்கு எப்படிச் சொல்லலாம் என்ற கேள்வி நியாயமானது. அவர்கள் இரண்டு எண்களையும் மறைக்காமல் கொடுத்தார்கள் என்பதால் எனக்கு அந்தக் கட்டுரைமேல் மரியாதை. 1967-இல் எழுந்த சுவரை யாரும் இடிக்கவில்லை. அம்டாலின் கணக்கு அன்றும் சரி, இன்றும் சரி. வேறு ஒரு கேள்வியைக் கேட்டதால் சுவர் வழியில் நிற்கவில்லை.

அடுத்த பத்தாண்டில் இந்த எண்ணத்துக்குப் பணம் வந்தது. அமெரிக்கா தன் கடைசி அணுகுண்டுச் சோதனையை 1992 செப்டம்பரில் நடத்தியது. அதன்பின் குண்டுகளின் நிலையைக் கணினியில்தான் சோதிக்க வேண்டும் என்றானது. எந்த நோக்கத்துக்காகப் பணம் வந்தது என்பதை நான் மறந்துவிட்டு எழுத விரும்பவில்லை. அழிவுக் கருவிகளுக்காக உண்டான நுட்பம் இது. 1996 டிசம்பரில், சாண்டியாவுக்காக இன்டெல் கட்டிய ஆஸ்கி ரெட், நொடிக்கு ஒரு லட்சம் கோடி கணக்கு என்ற எல்லையை முதலில் கடந்தது. உள்ளே இருந்தவை பென்டியம் ப்ரோ சில்லுகள். அவற்றில் கணக்குப் போடும் பிராசஸர்களுக்கு, சாண்டியாவும் நியூ மெக்சிகோ பல்கலைக்கழகமும் உருவாக்கிய வழியில் வந்த மிக மெலிந்த இயங்குதளம் ஒன்றைக் கொடுத்திருந்தார்கள். ஏன் இந்த மெலிவு என்று அப்போது வெளியில் இருந்த பலருக்குப் புரியவில்லை. அதற்கு விடை அதே மாநிலத்தில் சில வருடம் கழித்துக் கிடைத்தது.

லாஸ் அலமாஸ் ஆய்வகத்தின் ஆஸ்கி கியூ 8,192 பிராசஸர்கள் கொண்டது. நான்கு பிராசஸர் சேர்ந்தது ஒரு நோட். சேஜ் என்ற பாய்ம இயக்க நிரல் அதில் எவ்வளவு வேகமாக ஓடும் என்பதை முன்கூட்டியே சொல்லும் கணித மாதிரி ஒன்று ஃபப்ரிட்சியோ பெத்ரினி, டேரன் கெர்பிசன், ஸ்காட் பேகின் ஆகியோரிடம் இருந்தது. மற்ற மெஷின்களில் நன்றாகவே பலித்த மாதிரி அது. இங்கே பெரிய அளவில் ஓட்டியபோது, வர வேண்டிய வேகத்தில் ஏறக்குறைய பாதிதான் வந்தது. நிரலில் பிழை இல்லை. சில்லுகள் சரி, கம்பிகள் சரி. இன்னொரு விந்தை: ஒரு நோடில் நான்கு பிராசஸரையும் பயன்படுத்தாமல் ஒன்றைச் சும்மா விட்டால் நிரல் இன்னும் வேகமாக ஓடியது.

பாதி வேகம் போதாது, புது மெஷின் வாங்குவோம் என்று சொல்லும் இடம் அது. அவர்கள் சொல்லவில்லை. ஒவ்வொரு நோடும் ஒரே அளவான வேலையைத் திரும்பத் திரும்பச் செய்ய எவ்வளவு நேரம் எடுக்கிறது என்று அளந்தார்கள். எங்கும் ஒன்றிரண்டு சதவீத நேரம் மாயமாகிக்கொண்டிருந்தது. இயங்குதளத்தின் பின்னணி நிரல்கள்தான் எடுத்துக்கொண்டிருந்தன. நோட் உயிரோடு இருக்கிறதா என்று விசாரிக்கும் ஒரு நிரல், கணக்கு எழுதிவைக்கும் ஒரு நிரல், இப்படி ஒவ்வொன்றும் இம்மி நேரம்.

ஒன்றிரண்டு சதவீதம் எப்படிப் பாதியை விழுங்கும்? நாற்று நடும் வயலை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு வரி நட்டு முடித்ததும் எல்லோரும் ஒன்றாகப் பின்னால் கால் வைக்க வேண்டும். நூறு வரிக்கு ஒரு முறை ஒவ்வொரு பெண்ணும் நிமிர்ந்து நெற்றி வேர்வையைத் துடைத்துக்கொள்கிறாள். பத்துப் பேர் நடும் வயலில் அது ஒரு பொருட்டே இல்லை. எட்டாயிரம் பேர் நின்றால், ஒவ்வொரு வரியிலும் எண்பது பேர் வேர்வை துடைத்துக்கொண்டிருப்பார்கள். வரிதோறும் மொத்த வயலும் நிற்கும். யாரும் சோம்பேறி இல்லை, வேலை மட்டும் நகராது. சேஜ் நிரலும் ஒவ்வொரு காலப்படியிலும் எல்லாப் பிராசஸர்களின் எண்களையும் சேர்த்து ஒரு கூட்டுத்தொகை கேட்கும். ஒரே ஒரு பிராசஸர் தாமதித்தாலும் மற்ற 8,191 பிராசஸர்கள் வெறுமனே நிற்கும்.

மருந்து எளிமையானது. தேவையற்ற பின்னணி நிரல்களில் பத்து வாக்கில் நீக்கினார்கள். முப்பது நொடிக்கு ஒரு முறை விசாரித்ததை அறுபது நொடிக்கு ஒரு முறை ஆக்கினார்கள். தவிர்க்க முடியாதவற்றை 32 நோட்கள் கொண்ட ஒவ்வொரு குழுவிலும் ஒரு மூலைக்குத் தள்ளி, அந்த மூலையைக் கணக்குக்குப் பயன்படுத்தாமல் விட்டார்கள். சேஜ் இரண்டு மடங்கு வேகம் கண்டது. ஒரு திருகாணிகூட மாற்றவில்லை. 2003-இல் வெளியான அந்த ஆய்வுக் கட்டுரையை நான் இளைஞர்களுக்குப் பாடம் எடுத்தபோது துப்பறியும் கதை சொல்வதுபோலச் சொல்வேன். வகுப்பில் யாராவது ஒருவர், பெரும்பாலும் பின்பெஞ்சில் இருப்பவர், எல்லோரும் ஒரே நேரத்தில் வேர்வையைத் துடைத்தால் என்ன என்று கேட்பார். அதுவும் சரியான விடை. பின்னணி வேலைகளை எல்லா நோடிலும் ஒரே கணத்தில் செய்ய வைக்கும் முறை அதே ஆண்டுகளில் முயலப்பட்டதுதான்.

இந்தப் பாடங்கள் எல்லாவற்றையும் படித்துவிட்டுப் பிறந்ததுபோல வந்தது ப்ளூ ஜீன்/எல். ஐ.பி.எம். கட்டியது. கலிஃபோர்னியாவின் லாரன்ஸ் லிவர்மோர் ஆய்வகத்தில் 2005-இல் முழு வடிவம் பெற்றது. பிராசஸர் வேகம் வெறும் 700 மெகாஹெர்ட்ஸ். அன்றைய மேசைக் கணினிகளைவிட மந்தம். மந்தமானால் சூடு குறைவு, சூடு குறைந்தால் நெருக்கி அடுக்கலாம். ஒரு அலமாரிக்கு 1024 நோட், ஆல்புகர்க்கியின் மொத்த மெஷினுக்குச் சமமான எண்ணிக்கை. அப்படி 64 அலமாரி. ஆக 65,536 நோட், நோடுக்கு இரண்டு பிராசஸர். ரிச்சர்ட்சனின் மண்டபம் நிரம்ப எண்பத்து மூன்று வருடம் ஆயிற்று. அண்டைவீட்டாரோடு பேச ஒரு கம்பிவலை. கூட்டுத்தொகை எடுக்க மரம்போல் கிளைத்த இன்னொரு வலை. எல்லோரும் வந்து சேர்ந்தாயிற்றா என்று கேட்க மட்டும் தனியாக ஒரு வலை. காத்திருப்பின் ஒவ்வொரு வகைக்கும் ஒரு தனிக் கம்பி இழுத்துவைத்தார்கள். கணக்குப் போடும் நோடுகளின் இயங்குதளத்தில் பின்னணி நிரல் என்று எதுவுமே கிடையாது.

உருகிய டான்டலம் உலோகம் பெரும் அழுத்தத்தில் உறைவதை அணு அணுவாகக் கணக்கிட்ட லிவர்மோர், ஐ.பி.எம். குழுவினருக்கு 2005-இன் கார்டன் பெல் பரிசு கிடைத்தது. கணக்கு வளர வேண்டும் என்று குஸ்டாஃப்சன் சொன்னதன் முழுப் பொருளும் அந்த உலோகத்தில் இருக்கிறது. சில ஆயிரம் அணுக்களை ஒரு பெட்டியில் போட்டு உறையவிட்டால், படிகங்கள் பெட்டியின் சுவர் அளவுக்கு வளர்ந்து முட்டி நிற்கும். நாம் பார்ப்பது உலோகத்தின் குணமா, பெட்டியின் குணமா என்று பிரிக்க முடியாது. கோடிக்கணக்கில் அணுக்களைப் போட்டபோது பெட்டியின் பொய் விலகியது. படிகங்கள் ஒன்றோடொன்று மோதித் தாங்களே எல்லை வகுத்துக்கொண்டன. பெரிய கணக்கு, சின்னக் கணக்கின் ஊதிய வடிவமாக இருக்கவில்லை. அது வேறு இயற்பியலைக் காட்டியது.

எல்லாக் கணக்கும் இப்படி வளர இடம் கொடுப்பதில்லை. ப்ளூ ஜீன் திட்டத்தை 1999-இல் அறிவித்தபோது சொன்ன இலக்கு புரத மடிப்பு. ஒரு புரதத்தில் இருக்கும் அணுக்கள் எத்தனையோ அத்தனைதான். அதைப் பெரிதாக்குவதில் பொருள் இல்லை. நீண்ட நேரம் பார்க்க வேண்டும், அவ்வளவே. ஒவ்வொரு காலப்படியும் ஒரு நொடியின் லட்சம் கோடியில் ஒரு பங்கைவிடவும் சிறியது. முந்திய படி முடியாமல் அடுத்ததைத் தொட முடியாது. நேரத்தைப் பங்கு போட முடியாத இடத்தில் அம்டால் திரும்பி வந்து நிற்கிறார். நியூயார்க்கில் டேவிட் ஷா வேறு வழியில் போனார். அந்த ஒரே வேலைக்காகச் சில்லுகளை வடிவமைத்து, 512 சில்லுகளை இணைத்து ஆன்டன் என்ற மெஷினைக் கட்டினார். 2010-இல் ஒரு சின்னப் புரதத்தின் அசைவை ஒரு மில்லிசெகண்ட் வரை பார்த்ததாக அவர் குழு வெளியிட்டது. அதற்கு முன் யாரும் அந்த நீளத்தின் பக்கத்தில்கூடப் போனதில்லை. லட்சம் பிராசஸர்களால் ஆகாததை, காத்திருப்பைக் குறைத்த சில நூறு சில்லுகள் செய்தன.

நம் நாட்டின் கதையும் இதே முடிச்சில் தொடங்கியது. பெங்களூரின் தேசிய வானூர்தி ஆய்வுக்கூடத்தில், ரோத்தம் நரசிம்மா இயக்குநராக இருந்த காலத்தில், 1986-இல் ஃப்ளோசால்வர் என்ற இணைக்கணினி உருவானது. பிராசஸர்கள் நான்கு. யு.என். சின்ஹா அதை முன்னின்று நடத்தினார். அந்தப் பத்தாண்டின் முடிவில் டெல்லிக்கு ஒரு க்ரே எக்ஸ்-எம்.பி. வந்தது, வானிலைக்கு மட்டும் என்ற அமெரிக்க நிபந்தனையோடு. அதைவிடப் பெரியதை பெங்களூரின் இந்திய அறிவியல் கழகத்துக்குத் தர அவர்கள் மறுத்தார்கள். 1988-இல் புனேயில் விஜய் பட்கர் தலைமையில் சி-டாக் பிறந்தது. 1991-இல் டிரான்ஸ்பியூட்டர்களைக் கோத்த பரம் 8000 வந்தது. மறுப்புக்குப் பதிலடி என்று இதைச் சொல்வது நம் வழக்கம். அந்தப் பெருமையில் எனக்கும் பங்கு உண்டு. ஆனால் அந்த மெஷின்களுக்கு ஏற்றபடி வானிலை நிரலைப் பிரித்துத் தைத்த வேலை, மெஷினைக் கட்டியதற்குக் குறைந்ததல்ல.

அந்த நிரல் உலகத்தைக் கட்டங்களாக மட்டும் பார்க்காது. காற்றையும் வெப்பத்தையும் பூமியைச் சுற்றிய அலைகளின் கூட்டாகவும் பார்க்கும். ஒற்றைக் கணினியில் அது அழகான முறை. பல பிராசஸர்களில் அதுவே பெருந்தலைவலி. கட்டத்திலிருந்து அலைக்கும், அலையிலிருந்து கட்டத்துக்கும் ஒவ்வொரு காலப்படியிலும் மாற வேண்டும். அப்போது கன்னியாகுமரியின் எண்கள் அலாஸ்காவின் எண்களைச் சந்தித்தாக வேண்டும். அண்டைவீட்டாரோடு பேசினால் போதாது, எல்லோரும் எல்லோரோடும் பேச வேண்டும். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் இந்தியாவின் இணைக்கணினிக் குழுக்கள் பலவும் இந்த நிரலோடுதான் மல்லுக்கட்டின. எங்கள் பாய்ம நிரல்களோடு ஒப்பிட்டால் அது இமயம்.

2024 செப்டம்பரில் புனேயின் வெப்பமண்டல வானிலை ஆய்வு நிறுவனத்தில் அர்க்காவும், நொய்டாவில் அருணிகாவும் இயங்கத் தொடங்கின. அர்க்காவின் உச்சவேகம் 11.77 பெட்டாஃப்ளாப் (ஒரு பெட்டாஃப்ளாப் என்றால் நொடிக்கு ஆயிரம் லட்சம் கோடி கணக்கு). 2025 மே மாதம் 6 கிலோமீட்டர் கட்டம் கொண்ட பாரத் முன்னறிவிப்பு மாதிரி அறிமுகமானது. அதற்கு முன் இருந்தது 12 கிலோமீட்டர். கட்டத்தின் பக்கம் பாதியானால் பூமியின் மேல் கட்டங்கள் நான்கு மடங்காகும். அந்த நான்கு மடங்கைப் புதிய பிராசஸர்களுக்குப் பிரித்துக் கொடுக்கலாம், ஆல்புகர்க்கி காட்டிய வழி. ஆனால் சின்னக் கட்டத்துக்குச் சின்னக் காலப்படி வேண்டும். படிகளின் எண்ணிக்கை ஏறக்குறைய இரண்டு மடங்காகும். அவற்றை ஒன்றன்பின் ஒன்றாகத்தான் ஏற வேண்டும். பத்து நாள் முன்னறிவிப்பு சில மணி நேரத்துக்குள் கைக்கு வந்தாக வேண்டும், மழை யாருக்காகவும் நிற்காது. அதனால் வானிலை நிரலைத் திருத்துகிறவர்கள் இன்றும் பெட்டாஃப்ளாப்பைப் பார்ப்பதற்கு முன் வேறொன்றைப் பார்க்கிறார்கள்: ஒரு காலப்படிக்கு எத்தனை மில்லிசெகண்ட் ஆயிற்று, அதில் பிறர் எண்களுக்காக நின்றது எவ்வளவு.